வெள்ளை நட்சத்திரமும் கறுப்பு நட்சத்திரமும்

சுமோ என்று சொன்னவுடன் பலர் சிரித்துவிடுகிறார்கள். பருத்த உடலும் இடுப்பில் ஒரு கச்சையுமாக இருவர் மோதிக்கொள்வதைக் கவனிப்பதில் பெண் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. வேறு சிலருக்கோ, அந்தப் பெயரைக் கேட்டதும் டாட்டா சுமோ வண்டிதான் நினைவுக்கு வருகிறது. (அந்த வண்டிக்கும் ஜப்பானிய மல்லர்களுக்கும் யாதொரு உறவும் இல்லை. டாட்டா மோட்டார் தொழிலை வளர்த்த சுமந்த் மூல்கோகர் என்பவரின் பெயரிலிருந்து முதலெழுத்துக்களை எடுத்துச் சேர்த்து வைத்த பெயர் அது.)

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தொழில்முறைச் சுமோவின் முடிவுகளையும் சாதனைக் கணக்குகளையும் தொடர்ந்து கவனித்து வருகின்ற நாங்கள் சிலர், இம்மலரின் வாயிலாக ஒரு கருத்தை மாணவியர், அருட்சகோதரியர், பெற்றோர் ஆகியோர் முன் வைக்க விரும்புகிறோம். சுமோவின் பெருமை மல்லர்களின் எடையில் இல்லை. அவர்களைப் பற்றி எழுதி வைக்கப்படும் கணக்கில் இருக்கிறது. வெற்றிக்குக் கொடுக்கும் இடத்தைத் தோல்விக்கும் கொடுத்து எழுதப்படும் கணக்கு அது. அப்படிப்பட்ட கணக்கை நேசிக்கிறவர்களே, அதில் விடுபட்டுப் போனவற்றைப் பற்றியும் கேள்வி கேட்கக் கடமைப்பட்டவர்கள் என்பது எங்கள் எண்ணம். விடுபட்டவற்றுள் ஒன்று நம்மைப் போன்ற பெண்களைப் பற்றியது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறோம். களிமண்ணால் உயர்த்தப்பட்ட ஒரு மேடை. அதன்மேல் வைக்கோல் பொதிகளைப் பதித்து அமைத்த வட்டம். வட்டத்தின் குறுக்களவு 4.55 மீட்டர். அதற்கு வெளியே கால் பட்டாலும் தோல்வி. உள்ளங்கால் தவிர உடலின் வேறெந்தப் பகுதி மண்ணைத் தொட்டாலும் தோல்வி. எடைப் பிரிவு என்பதே கிடையாது. நூறு கிலோவைச் சற்றே தாண்டிய ஒருவர் தம்மைப்போல் ஒன்றரை மடங்கு எடையுள்ளவரை எதிர்க்க நேரிடும். பெரும்பாலான ஆட்டங்கள் சில விநாடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. முடிவை எழுதுவதற்கே அதைவிட அதிக நேரம் பிடிக்கும்! வென்ற விதத்திற்கும் பெயர் உண்டு. சுமோ சங்கம் ஏற்றுக்கொண்டுள்ள 82 முறைகளுள் இன்ன முறையால் வெற்றி என்று ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் அறிவித்து, அதையும் கணக்கில் சேர்த்து விடுகிறார்கள்.

1958 முதல் ஆண்டுக்கு ஆறு பெரும் போட்டிகள் நடைபெற்று வருகின்றன. ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் டோக்கியோவிலும், மார்ச்சில் ஒசாகாவிலும், ஜூலையில் நகோயாவிலும், நவம்பரில் ஃபுகுவோகாவிலும் அவை நடக்கும். ஒவ்வொன்றும் 15 நாட்கள். மேல் இரு பிரிவுகளிலும் உள்ளவர்கள் நாளுக்கு ஓர் ஆட்டமாகப் பதினைந்து ஆட்டங்கள் ஆடுவர். கீழ்ப்பிரிவினருக்கு ஏழு ஆட்டங்கள். நாளின் கடைசி ஆட்டம் அங்கே மாலை ஆறு மணியளவில் முடியும்போது நமக்குப் பிற்பகல் இரண்டரை மணி. அந்த நேரத்தில் வகுப்பில் கணிதத்தை மட்டும் நினைத்துக் கொண்டிருப்பதற்கு நல்ல மனத்திடம் வேண்டும்.

ஒவ்வொரு போட்டிக்கும் முன்பாகப் பன்சுகே என்னும் தரவரிசைத் தாள் வெளியாகிறது. நடுவர்களே இதைத் தூரிகை கொண்டு கையால் எழுதுகிறார்கள். பிறகு அதனைச் சிறியதாக்கி அச்சிடுகிறார்கள். எழுத்துக்களுக்கு நடுவே வெற்றிடமே தெரியாதபடி தடித்த கோடுகளால் நிரப்பி எழுதுவது வழக்கம். அரங்கமும் அவ்வாறே மக்களால் நிரம்ப வேண்டும் என்பது அதிலுள்ள வேண்டுதல். உச்சியில் யோகோசுனா எனப்படும் மாமல்லர்கள். அடுத்து ஓசெகி, செகிவாகே, கொமுசுபி, மாயேகாஷிரா என்று முதற்பிரிவின் 42 இடங்கள். அதன் கீழே ஜூரியோ என்னும் இரண்டாம் பிரிவின் 28 இடங்கள். அதற்கும் கீழே நான்கு பிரிவுகள். வரிசை இறங்க இறங்க எழுத்தும் சிறுத்துக்கொண்டே போகிறது. கடைசிப் பிரிவில் பெயர்கள் மயிரிழைபோல் இருக்கும். அந்தப் பகுதிக்கு ஜப்பானியர் வழங்கும் செல்லப் பெயரே ‘பூதக்கண்ணாடி’ என்பதுதான்.

இதில் எங்களைக் கவர்ந்தது என்னவென்றால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்தப் பெயர் அங்கே இருக்கிறது என்பதே. நம்மூரில் எத்தனையோ பந்தயங்களில் முதல் மூவரின் பெயரைத் தவிர மற்றவர்களின் பெயர் மறுநாளே மறைந்துபோகிறது. ஓட்டப்பந்தயத்தில் ஏழாவதாக வந்தவளின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? சுமோவிலோ அறுநூறு பேரளவில் உள்ள மல்லர்கள் அனைவருக்கும் தாளில் இடம் உண்டு. அவர்கள் ஒவ்வொருவரின் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஒரு குறி உண்டு. வென்றால் வெள்ளை வட்டம், தோற்றால் கறுப்பு வட்டம். ஜப்பானியர் இவற்றை வெள்ளை நட்சத்திரம், கறுப்பு நட்சத்திரம் என்கிறார்கள். இரண்டும் ஒரே அளவு. மாமல்லரின் தோல்வியைச் சிறியதாகப் போடுவதும் இல்லை, புதியவரின் தோல்வியைப் பெரியதாகப் போடுவதும் இல்லை.

ஹட்டோரிசகுரா என்ற பெயரில் 2015-இல் களம் புகுந்த ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். கடைசிப் பிரிவிலே அவர் தொடர்ந்து 89 ஆட்டங்களில் தோற்றார். பிறகு ஒரு வெற்றி. பின்னர் மற்றொரு தோல்வித் தொடர். அது முந்தையதையும் விஞ்சி நூறைத் தாண்டியது. 2021-இல் அவர் ஓய்வு பெற்றபோது வெற்றி 3, தோல்வி 238, வராத ஆட்டம் 1. இந்த எண்களைக் கேட்டவுடன் நகைக்கத் தோன்றுகிறதல்லவா? எங்களில் சிலரும் நகைக்கத்தான் செய்தார்கள். ஆனால் அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். தோற்பது ஏறக்குறைய உறுதி என்று தெரிந்திருந்தும், ஆறு ஆண்டுகளில் ஒரே ஓர் ஆட்டத்திற்குத்தான் அவர் வராமலிருந்தார். தேர்வு நாளன்று வயிற்றுவலி வரப்பெற்றவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். இன்னொருவர் ஹனகாசே. 1986-இல் சேர்ந்து 2022-இல், தமது 51-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். 36 ஆண்டுகளில் ஒரு முறைகூட மாதச் சம்பளம் பெறும் மேல் இரு பிரிவுகளை அவர் எட்டவில்லை.

ஆம், சம்பளம் என்பது மேல் இரு பிரிவுகளிலுள்ள எழுபது பேருக்கு மட்டுமே. மற்றவர்கள் மூத்தவர்களுக்குப் பணிவிடை செய்தும், சமைத்தும், துணி துவைத்தும் பயிற்சிக் கூடத்திலேயே வாழ வேண்டும். ஆகையால் இரண்டாம் பிரிவின் கடைசி இடங்களில் இருப்பவருக்கு 8 வெற்றி 7 தோல்வி என்பதற்கும் 7 வெற்றி 8 தோல்வி என்பதற்கும் உள்ள வேறுபாடு ஓர் ஆட்டம் அன்று. அது சோறும் தனியறையும் சம்பந்தப்பட்டது. எட்டு வெற்றி கிடைத்துவிட்டால் வரிசையில் ஏறலாம், அல்லது இருக்கும் இடத்தையாவது காத்துக்கொள்ளலாம். எட்டுத் தோல்வி வந்தால் இறங்க வேண்டும். எனவே பதினான்காம் நாள் மாலையில் யார் யார் 7–7 என்று நிற்கிறார்கள் என்று தேடுவதே எங்கள் முதல் வேலை. கோப்பையை யார் வெல்வார் என்பதைவிட அதிலேதான் எங்களுக்குத் துடிப்பு அதிகம்.

பெரிய சாதனைகளைச் சொல்லாமல் போனால் சுமோ அன்பர்கள் எங்களை மன்னிக்க மாட்டார்கள். 2021-இல் ஓய்வு பெற்ற ஹாக்குஹோ 45 முறை முதற்பிரிவுப் பட்டம் வென்றார். மொத்த வெற்றிகள் 1,187. அவருக்கு முன் பட்டங்களில் முதலிடம் வகித்தவர் டைஹோ, 32 முறை. தொடர் வெற்றிகளில் இன்றளவும் உச்சியில் நிற்பவர் ஃபுடபயாமா: 1936 ஜனவரி முதல் 1939 ஜனவரி வரை 69 ஆட்டங்கள். சிறு வயதிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர் அவர் என்பதை எதிராளிகள் பலர் அறியவே இல்லை. ஹாக்குஹோ 2010-இல் 63 வரை வந்தார். நவம்பர்ப் போட்டியின் இரண்டாம் நாள் கிசெனோசாட்டோ அவரை வீழ்த்தி அத்தொடரை முடித்து வைத்தார்.

69 பெரிதா, 63 பெரிதா என்று கேட்டால் எண்ணைப் பார்த்து விடை சொல்லிவிடலாம். ஆனால் கணக்கு படிப்பவர் அத்துடன் நிற்கலாகாது. ஃபுடபயாமா காலத்தில் ஆண்டுக்கு இரண்டே போட்டிகள். தொடர் தொடங்கியபோது ஒரு போட்டி 11 நாள். பிறகுதான் 13 நாள் ஆயிற்று. ஆகவே அவருடைய 69 வெற்றிகளுக்கு மூன்றாண்டுகள் ஆயின. ஹாக்குஹோவின் 63 வெற்றிகள் பத்து மாதங்களுக்குள் குவிந்தன. இடைவிடாது ஆடி ஆடி வெல்வது கடினம் என்பார் சிலர். ஆறு மாதம் காத்திருந்து, உடல் எப்படி மாறியிருந்தாலும் வந்த நாளில் வெல்வதே கடினம் என்பது எங்கள் துணிபு. இதன் பொருட்டு எங்களுக்குள் நடந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

கணக்கேடு சில வேளைகளில் பிழையையும் சுமக்கிறது. 1969 மார்ச், ஒசாகா. டைஹோ தொடர்ந்து 45 ஆட்டங்களில் வென்றிருந்தார். இரண்டாம் நாள் டோடா என்பவருடன் ஆட்டம். களத்தில் நின்ற நடுவர் டைஹோவுக்கே வெற்றி என்று காட்டினார். கீழே அமர்ந்திருந்த தீர்ப்பாளர்கள் கூடிப் பேசி அதை மாற்றி, டோடாவுக்கு வெற்றி என்றார்கள். பின்னர் வெளியான புகைப்படங்களில் டோடாவின் கால்தான் முதலில் வெளியே சென்றது தெளிவாகத் தெரிந்தது. அடுத்த போட்டியிலிருந்து தீர்ப்பாளர்களுக்கு வீடியோவின் துணை வந்தது. ஆனால் டைஹோவின் அந்தக் கறுப்பு நட்சத்திரம் இன்றும் கறுப்பாகவே இருக்கிறது. தொடர் 45-உடன் முடிந்தது. அவர் தீர்ப்பைக் குறை கூறவில்லை. அப்படிச் சந்தேகத்திற்கு இடம் தரும்படி ஆடியது தம் தவறே என்றார். இது பெருந்தன்மை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. எனினும் அந்த வட்டத்தின் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பாவது போட்டிருக்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இனி, கணக்கேட்டின் பக்கங்களைப் புரட்டுகையில் எங்கள் கண்கள் கலங்கிய ஓர் இடம். 2017 மார்ச், ஒசாகா. அவ்வாண்டு ஜனவரியில்தான் கிசெனோசாட்டோ மாமல்லர் ஆகியிருந்தார். ஜப்பானில் பிறந்த ஒருவர் அந்நிலையை எட்டிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன, நாடே களித்தது. பதின்மூன்றாம் நாள் அவருடைய இடது தோள் பகுதியில் கடுமையான காயம். கடைசி நாளில், ஒரு வெற்றி முன்னே இருந்த டெருனோஃபூஜி என்ற மங்கோலிய ஓசெகியை அவர் இரு முறை வெல்ல வேண்டும்: முறையான ஆட்டத்தில் ஒரு முறை, பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் மறுமுறை. இரண்டிலும் வென்றார்! அரங்கம் அதிர்ந்தது. டெருனோஃபூஜிக்கு அன்று கைதட்டியவர் சிலரே.

ஆனால் கணக்கேடு அந்த நாளோடு நிற்கவில்லை. காயத்தோடு ஆடியதன் விலையைக் கிசெனோசாட்டோ கொடுத்தார். அதன்பின் எட்டுப் போட்டிகளில் தொடர்ந்து முழுவதுமாகவோ பாதியிலோ விலக நேர்ந்தது. மாமல்லர் எத்தனை தோற்றாலும் வரிசையில் இறக்கப்படுவதில்லை. முடியாவிட்டால் ஓய்வு பெறுவது ஒன்றே வழி. 2019 ஜனவரியில், மூன்று நாள் தோற்றபின் ஓய்வு பெற்றார். டெருனோஃபூஜியோ முழங்கால் காயங்களாலும் நீரிழிவு முதலிய நோய்களாலும் ஓசெகி நிலையை இழந்தார். முதற்பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கும், அங்கிருந்து சம்பளமில்லாத பிரிவுகளுக்கும் சரிந்தார். பல மாதங்கள் களத்திற்கே வரவில்லை. கிசெனோசாட்டோ விடைபெற்று இரண்டே மாதங்களில், 2019 மார்ச்சில், கடைசிக்கு முந்தைய பிரிவின் 48-ஆம் இடத்திலிருந்து அவர் மறுபடி ஆடத் தொடங்கினார். ஓசெகியாக இருந்த ஒருவர் அந்தப் பிரிவில் ஆடியது அதுவே முதன்முறை. மயிரிழை எழுத்தில் பெயர். எதிரே பதின்வயதுச் சிறுவர்கள். ஏழு ஆட்டங்களிலும் வென்றார். பிரிவுப் பட்டத்திற்கான ஆட்டத்தில் தோற்றார்.

2020 ஜூலையில் முதற்பிரிவின் கடைசி இடங்களில் ஒன்றுக்குத் திரும்பினார். அந்தப் போட்டியிலேயே 13 வெற்றிகளுடன் பட்டம் பெற்றார். 2021 ஜூலைப் போட்டி முடிந்ததும் 73-ஆவது மாமல்லராக உயர்த்தப்பட்டார். 2025 ஜனவரியில் ஓய்வு பெறும்போது பட்டங்கள் பத்து. 2017 மார்ச்சில் அந்த அரங்கில் இருந்தவர்கள் எவரும் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. ஒரு நாளின் காட்சியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கிட்டாது. ஆறேழு ஆண்டு முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பவர்களுக்கே கிட்டும். பெற்றோரே, பிள்ளைகள் எண்களுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நீங்கள் வருந்த வேண்டாம்.

எண்கள் பொய்யையும் காட்டிக் கொடுக்கும். முன்னே 7–7 என்று சொன்னோமல்லவா? டக்கன், லெவிட் என்னும் இரு அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் 1989 முதல் 2000 வரையிலான 32,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்களின் முடிவுகளை ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடைசி நாளில் 7–7 என்று நிற்பவர் 8–6 என்று நிற்பவரைச் சந்தித்தால், முந்தைய கணக்குப்படி பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் வெல்ல வேண்டும். நடந்ததோ ஏறத்தாழ 80 சதவீதம் வெற்றி! அதே இருவர் அடுத்த முறை சந்திக்கும்போது முன்பு வென்றவர் 40 சதவீதம்தான் வென்றார். கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்ததுபோல் இருந்தது. சங்கம் நெடுங்காலம் இத்தகைய குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்தது. 2011 பிப்ரவரியில், சூதாட்ட வழக்கொன்றில் காவல்துறையினர் கைப்பற்றிய கைப்பேசிகளிலே, எந்த ஆட்டத்தில் யார் விழுவது என்று பேரம் பேசிய செய்திகள் கிடைத்தன. பலர் வெளியேற்றப்பட்டார்கள். அவ்வாண்டு மார்ச்சுப் போட்டியே கைவிடப்பட்டது. 65 ஆண்டுகளில் அதுவே முதன்முறை.

அன்றோடு சுமோவை விட்டுவிட்டவர்கள் உண்டு. அவர்களைக் குறைகூற மாட்டோம். எங்கள் நிலை வேறு. வெற்றியை மட்டும் எழுதி வைத்திருந்தால் அந்த மோசடி எண்களில் தெரிந்தே இருக்காது. யார் யாரிடம் எந்த நாள் தோற்றார் என்று ஒன்று விடாமல் எழுதி வைத்த சுமோவின் கணக்கே, சுமோவுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

ஆனால் கணக்கில் ஏறாதது சாட்சி சொல்லாது. இதுவே நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது.

தொழில்முறைச் சுமோவின் மேடையில் பெண்கள் ஏறக்கூடாது. ஆடுவதற்கு மட்டுமன்று, எதற்காகவும் ஏறக்கூடாது. 1978-இல் டோக்கியோவில் சிறுவர்களுக்கான சுமோப் போட்டி நடந்தது. ஒரு வட்டாரத் தேர்வில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பையன்களை வென்று இரண்டாமிடம் பெற்றாள். இறுதிப் போட்டியோ தொழில்முறை மல்லர்கள் ஆடும் குராமாயே அரங்கில். சிறுமியை அந்த மேடையில் ஏற விடவில்லை. அப்போது தொழிலாளர் அமைச்சகத்தில் பெண்கள், இளையோர் நலப் பிரிவின் தலைவராக இருந்த மொரியாமா மாயுமி அம்மையார் சங்கத்தாரை அழைத்து விளக்கம் கேட்டார். மரபு என்பதே விடை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1990-இல், அதே அம்மையார் அமைச்சரவையின் தலைமைச் செயலாளர் என்னும் உயர் பதவியில் இருந்தார். பிரதமர் கோப்பையைப் பிரதமர் சார்பில் மேடையேறித் தாமே வழங்க விரும்பினார். அப்போதும் மறுப்பு. 2000-இல் ஜப்பானின் முதல் பெண் ஆளுநராக ஒசாகாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓட்டா ஃபுசாயே, ஒசாகா ஆளுநர் பரிசைத் தம் கையால் வழங்க விரும்பியும் முடியவில்லை. 2025 அக்டோபரில் ஜப்பானுக்கு முதன்முறையாக ஒரு பெண்மணி பிரதமராகிவிட்டார். கோப்பையோ பிரதமரின் பெயரால் வழங்கப்படுவது!

எல்லாவற்றிலும் கொடியது 2018 ஏப்ரல் 4-ஆம் நாள் நடந்தது. கியோட்டோ மாநிலத்தின் மைசுரு நகரில் ஒரு சுமோக் காட்சி. மேடையில் பேசிக்கொண்டிருந்த நகர மேயர் மயங்கி விழுந்தார். கூட்டத்திலிருந்து பெண்கள் சிலர் ஓடிவந்து மேடையேறி அவருடைய மார்பை அழுத்தி உயிர்காக்க முயன்றார்கள். ஒலிபெருக்கியில், பெண்கள் மேடையை விட்டு இறங்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப அறிவிப்பு. மேயர் உயிர் பிழைத்தார். சங்கத்தின் தலைவர் அன்றே மன்னிப்புக் கேட்டார். உயிர் போகும் நேரத்திற்கு மரபு பொருந்தாது என்று ஒப்புக்கொண்டார்கள். மற்ற நேரங்களுக்குப் பொருந்தும் என்பதே அதன் மறுபக்கம்.

மரபைக் காப்போர் சொல்வதையும் நாம் செவிமடுக்க வேண்டும். சுமோ வெறும் விளையாட்டன்று, ஷிண்டோ வழிபாட்டோடு பிறந்தது, மேடை புனிதமானது, உப்பைத் தூவித் தூய்மை செய்தே அதில் இறங்குகிறார்கள். பிற சமயத்தாரின் வழிபாட்டை ஏளனம் செய்வது நமக்கு அழகன்று. உப்பின் பொருளை நாமும் மறைக்கல்வி வகுப்பில் கேட்டு வளர்ந்தவர்களே. ஆனால் கோப்பை வழங்குவது வழிபாடாகுமா? சிறு பிள்ளைகளின் பந்தயம் வழிபாடாகுமா? மேலும், தொன்மை என்று பார்த்தால், 720-இல் தொகுக்கப்பெற்ற நிஹோன் ஷோக்கி என்னும் பழைய வரலாற்று நூலில் சுமோ என்னும் சொல் முதன்முதலாக வருமிடத்தில் மற்போர் செய்கிறவர்கள் யார் தெரியுமா? யூரியாகு மன்னரின் அரண்மனைப் பணிப்பெண்கள்! மன்னரின் கட்டளைக்குப் பணிந்து ஆடினார்கள். பெருமைக்குரிய சூழ்நிலை அன்று அது. ஆயினும் ஏட்டின் முதல் வரியில் இருப்பவர்கள் பெண்களே.

நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். நமது திருச்சபையில் பெண் பிள்ளைகள் பலிபீடத்தில் பணிவிடை செய்வதற்கு, ஆயர்கள் விரும்பினால் அனுமதிக்கலாம் என்று உரோமை தெளிவாகச் சொன்னது 1994-இல்தான். வாசகர், பீடத்துணைவர் என்னும் நிலையான பணிகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களுக்குத் திறந்தது 2021 ஜனவரியில். அதற்கு முன் பல தலைமுறைப் பெண்கள் பீடப் படிகளுக்கு இப்பால் நின்றார்கள். ஆகவே ஜப்பானியரைப் பார்த்து விரல் நீட்டுவது எங்கள் நோக்கமன்று. மாறாதது என்று எண்ணப்பட்டவை மாறியதை நம் கண்ணெதிரே கண்டிருக்கிறோம். வழிபாட்டின் மாண்பு அதனால் குறையவில்லை. அங்கும் குறையாது என்றே நம்புகிறோம்.

அப்படியானால் பெண்களை ஏற்காத ஆட்டத்தை நீங்கள் ஏன் பின்தொடர வேண்டும் என்று எங்கள் தோழியர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாங்கள் விலகிவிட்டால் அரங்கத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியாகப் போவதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். டெருனோஃபூஜியின் ஏழு வெள்ளை நட்சத்திரங்களையும் ஹட்டோரிசகுராவின் 238 கறுப்பு நட்சத்திரங்களையும் விட்டுவிட எங்களுக்கு மனமில்லை. அதே அளவுக்கு, 1978-இல் ஆடவிடப்படாத அந்தச் சிறுமியை விட்டுவிடவும் மனமில்லை. விரும்புகிறவர்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? நாங்கள் கேட்பது பெரிதன்று. பரிசளிப்பு நேரத்தில் பெண்கள் மேடையேற வழிவிட வேண்டும். சிறுவர் போட்டிகளின் இறுதிச் சுற்றை, தகுதி பெற்ற எந்தக் குழந்தையும் ஏறக்கூடிய மேடையில் நடத்த வேண்டும். தொழில்முறைப் பிரிவுகளில் பெண்கள் ஆடுவதைப் பற்றி எங்களுக்குள்ளேயே இருவேறு கருத்துகள் உள்ளன. அதை இங்கே விரிக்கவில்லை. தொழில்முறைக்கு வெளியே பெண்களுக்கு உலகப் போட்டியே நடந்து வருகிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

புதிதாகக் கணக்கு எழுத விரும்பும் மாணவியருக்கு ஒரு சொல். கோடிட்ட பெரிய நோட்டு ஒன்று போதும். ஒரு போட்டிக்கு இரண்டு பக்கம். 42 வரிசை, 15 கட்டம். வெள்ளைக்குப் பென்சிலால் வெறும் வட்டம், கறுப்புக்கு நிரப்பிய வட்டம், வராத நாளுக்குச் சிறு கோடு. மாயேகாஷிரா நிலையிலுள்ள ஒருவர் மாமல்லரை வென்றால் அதற்குத் தங்க நட்சத்திரம் என்று பெயர். அதை மஞ்சள் பென்சிலால் போடவும். வென்றவருக்கு மேல் இரு பிரிவுகளிலும் இருக்கும் காலம் முழுவதும் ஒவ்வொரு போட்டியிலும் அதற்காகக் கூடுதல் தொகை உண்டு. அக்கினோஷிமா என்பவர் பதினாறு பெற்றார். அதை எவரும் மிஞ்சியதில்லை. 2024 மார்ச்சில் டகெருஃபூஜி முதற்பிரிவுக்கு வந்த முதல் போட்டியிலேயே, கணுக்காலில் காயத்தோடு பட்டம் வென்றபோது, இதற்கு முன் இப்படி நடந்தது எப்போது என்று தேடி 1914 வரை பின்னோக்கிப் போக வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் கிடைத்த மகிழ்ச்சி எங்களுக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

எங்கள் நோட்டு பதினொன்றாம் வகுப்பு அலமாரியில் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் மதிய இடைவேளையில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். 2017 மார்ச்சுப் பக்கத்தில் யாரோ மை கொட்டியிருக்கிறார்கள், பொறுத்துக்கொள்ளவும்.